மணப்பெண்ணின் மஞ்சள் மாண்டா

ஜெர்மனியின் சவர்லாந்து மலையில் தேவாலயத்துக்கு ஏறும் சரிவெங்கும் புதுப்பனி கண்ணைக் கூச வைக்கிறது. மணப்பெண் கெர்லிண்டே வெள்ளை உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தன் மஞ்சள் ஓப்பல் மாண்டா காரை முடுக்குகிறாள். பின்சக்கரம் தள்ளும் வண்டி அது. பின்பக்கம் கனமில்லாமல் இடமும் வலமும் வழுக்க, பாதி ஏறி மறுபடி அடிவாரத்துக்கே வந்து நிற்கிறது. பனிக்காலத்தில் கனத்துக்காக டிக்கியில் போட்டுவைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகள் இன்றைக்குப் போதவில்லை. மேலே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. "அழகப் பாத்து வாங்குனியே, இப்ப இதையே கட்டிக்கோ!" என்று கறிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஊடோ தொப்பை குலுங்கச் சிரிக்கிறான். அவள் பார்வை அந்தத் தொப்பையிலேயே நிலைக்கிறது. "அண்ணே, டிக்கில ஏறு." "நானா? கோட்டு சூட்டோடயா?" "ஏறுன்னேன்ல!" மூட்டைகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்ததும் வண்டியின் முதுகு தாழ்கிறது, சக்கரங்கள் பனியைக் கவ்வுகின்றன. எஞ்சின் உறும, திறந்த டிக்கியில் காலைத் தொங்கவிட்டபடி ஊடோ அலற, மாண்டா ஒரே மூச்சில் மேலே ஏறுகிறது. தேவாலய வாசலில் கூட்டம் தொப்பிகளை வீசி ஆர்ப்பரிக்கிறது. வண்டிப் புகைக்குள்ளிருந்து ஊடோ, தானே ஓட்டி வந்தவன்போல் இரண்டு கைகளையும் உயர்த்துகிறான். "பாத்தீங்களாடா, எங்க வண்டிய!"