மூன்று நாள் சமையல்

அகிலாண்டம் சோழவந்தானிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். கருகல் வாசனை மூக்கைத் துளைத்தது.

அடுக்களையில் தம்பி அனந்தநாராயணன். தாலுகா ஆபீசில் பத்துப் பேரை மிரட்டுகிற ஹெட்கிளார்க், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடிப்பிடித்த கூட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பட்டு எங்கேடா?"

"தூரம். கொல்லை ரூம்ல ஒதுங்கியிருக்கா."

"அதுக்கு நீயா அடுப்புக்கு முன்னால?"

"அம்மா இருந்தவரைக்கும் அந்த மூணு நாளும் அம்மா சமைச்சா. இப்போ யாரு இருக்கா? நான்தான் கத்துண்டிருக்கேன்."

கத்துண்ட லட்சணம்தான் வாசல்வரை மணத்ததே! ஜன்னலில் ஒரு நோட்டு செருகியிருந்தது. எடுத்துப் பிரித்தாள். ஆபீஸ் காகிதம் மாதிரியே தேதி போட்டு எழுதியிருந்தான்.

'8-3-36. ரசம்: புளி அதிகம். குறைக்கவும்.'

'5-4-36. சாதம்: மறுபடி குழைந்தது. காரணம் தெரியவில்லை.'

'பெருங்காயம் முதலிலா, கடைசியிலா? இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தாயிற்று.'

இப்படியே இரண்டு வருஷம். படிக்கிற அவளுக்கே அலுத்துப்போயிற்று.

"இதென்னடா கூத்து? எல்லா ஆத்திலயும் பொம்மனாட்டி கொல்லையிலேருந்து குரல் கொடுப்பா, புருஷன் அப்படியே செய்வான். பட்டுவை ஒரு வார்த்தை கேட்டா உன் கிரீடம் இறங்கிடுமா?"

"கேக்க மாட்டேன்க்கா. நானே கத்துக்கறேன்."

என்ன வீம்பு! வீட்டில் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர், காலேஜில் படிக்க வந்து தங்கியிருக்கும் அவளுடைய சொந்தப் பிள்ளைகள். மாசத்தில் மூன்று நாள் அவர்களும் இந்தக் கருகலைத்தான் தின்கிறார்கள்! நாமே போய்க் கேட்டு வருவோம் என்று கொல்லைப் பக்கம் போய், அந்த அறை வாசலில் நின்று பார்த்தாள்.

பட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மணி வெயில் மேலே விழுவதுகூடத் தெரியாமல், அடித்துப் போட்டாற்போல் தூக்கம். அகிலாண்டத்துக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. விடிந்த பிறகு தான் படுத்திருந்த நாள் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை.

பட்டுவின் முன்தலை முழுக்க நரை. அதைப் பார்த்ததும்தான் சுருக்கென்றது.

போன கோடை லீவில் தம்பி தவிர எல்லாருமாகச் சோழவந்தான் வந்து இரண்டு மாசம் இருந்தார்களே! பட்டுதானே சமைத்தாள்? ஒருநாள்கூட ஒதுங்கி உட்காரவில்லையே! "எனக்கெல்லாம் நின்னு வருஷமாச்சு அக்கா" என்று அவள் வாயாலேயே சொன்னாளே!

அப்படியானால் இது? தூரம் என்று பொய் சொல்லி, கட்டின புருஷனை அடுப்பில் வேகவிட்டுத் தூங்குகிறாளா?

விடுவிடுவென்று அடுக்களைக்கு வந்தாள்.

"அசடே! உன் பொண்டாட்டி உன்னை ஏமாத்தறாடா! அவளுக்குத் தூரமும் இல்லை, மண்ணும் இல்லை. அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு!"

"தெரியும்."



அவன் கரண்டியை வைத்துவிட்டுப் போய், கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான்.

"ஒவ்வொண்ணா அவளைக் கேட்டுண்டு சமைச்சா அவ எங்கேர்ந்து தூங்கறது? அதான் கேக்கறதில்லே."

கூட்டுச் சட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசுக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, இப்பவே குளிச்சுட்டு அடுக்களைக்கு வந்துடுவா."