பத்து வாட் பந்தயம்

"அதே எல்இடி, அதே டிரைவர், அதே வயர். நேத்து முழுக்க ஜம்முனு எரிஞ்சது. இன்னைக்கு அஞ்சே நிமிஷத்துல எப்படிங்க மண்டையப் போடும்?"

ஓவிய வாத்தியார் போனில் அழாத குறை. மறுமுனையில் உதிரிபாகக் கடைக்காரர்.

"நடுவுல ரெசிஸ்டர் போட்டு ஒப்பேத்தினீங்களா சார்?"

"அந்தப் பாடத்தைத்தான் போன மாசமே படிச்சுட்டேனே!"

படித்திருந்தார். பெரிய எல்இடி சூடேறச் சூடேற இன்னும் கொஞ்சம் கரண்ட் கேட்கும். ரெசிஸ்டருக்கு இளகின மனசு, கேட்டால் கொடுத்துவிடும். எல்இடிக்குக் கரண்ட் அனுப்பும் டிரைவர் அப்படியில்லை. கறாராகப் படியளக்கும் கை அது. அளந்ததற்கு மேல் ஒரு சொட்டு தராது. அதனால்தான் பத்து வாட் எல்இடிக்கு ஏற்ற டிரைவராகப் பார்த்து வாங்கி, மீட்டர் வைத்தும் அளந்தார். அளவு இம்மி பிசகவில்லை. இருந்தும் போய்விட்டது.

"அப்போ நேத்து இருந்தது ஏதோ ஒண்ணு இன்னைக்கு இல்ல சார். தேடிப் பாருங்க."

கடைக்காரருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். வாத்தியாரின் மேஜையில் எதன்மேல் எது கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. விளக்கைப் போட்டால் போதும், கூசுகிற கூச்சத்தில் அடியில் ஆனை படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

"ஏங்க, அண்ணன் சாயங்காலம் வந்துடுவாரு. பேச்சு ஞாபகம் இருக்கில்ல?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

மறக்கிற பேச்சா அது? மச்சான் உடற்பயிற்சிக் கருவிகள் விற்பவர். 'நான் சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் உங்க விளக்கு எரிஞ்சா, மேஜை உங்களுக்கு. அணைஞ்சுதுன்னா அந்த மூலையில என் டிரெட்மில்' என்று பந்தயம் கட்டியிருந்தார். தங்கையும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள். வாத்தியாரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு எல்இடி.

"என் மேஜையை யாராவது தொட்டீங்களா?"

"வீட்ல இருக்கறதே நாம ரெண்டு பேரு. யாராவதுன்னா யாரு, பல்லியா?"

கரண்டியோடு எட்டிப் பார்த்தவள், செத்துப்போன எல்இடியை நகர்த்தினாள். அடியில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை.

"ஐயையோ, விரிப்பு போச்சே! எங்கம்மா குடுத்ததுங்க! இப்படி ஆகும்னுதான் இத்தனை நாளா பாதுகாத்தேன். இன்னைக்கு ஒரு நாள் அசந்தேன், பொசுக்கிட்டீங்களே!"

வாத்தியார் நிமிர்ந்தார். "பாதுகாத்தியா? எதை வச்சு?"

அவள் கரண்டியால் சமையலறையைக் காட்டினாள். அடுத்த நொடி, கையில் திருப்புளியோடு அவர் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜைக்கு மேலே விளக்கு பகலாய் எரிந்தது. மச்சான் வேண்டுமென்றே ஆற அமரச் சாப்பிட்டார். மூன்றாவது முறை கேட்டு வாங்கினார். தண்ணீரைக்கூட மிடறு மிடறாகக் குடித்தார். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை.

"தோத்தேன் மாப்ளே. புது டிரைவரா?"

"அதே டிரைவர்தான் மச்சான்."

"என்னமோ போங்க." கை கழுவ எழுந்தவர் அடுப்பங்கரையில் நின்றுவிட்டார். "ஏம்மா, உன் புருஷனுக்குக் காட்டலாம்னு டிரெட்மில் படம் போட்ட புத்தகம் கொண்டுவந்தா, அதை எடுத்துப் பாத்திரத்து மேல மூடி வச்சிருக்கே?"

"மூடிதான் அங்க மாட்டியிருக்கே!" தங்கை விளக்கைக் காட்டினாள். "விரிப்பு பொசுங்கக்கூடாதேன்னு, இவருக்குத் தெரியாம அதை நான்தான் பல்புக்கு அடியில சொருகி வச்சிருந்தேன். இன்னைக்குக் காலைல உங்களுக்குச் சமைக்கணுமேன்னு உருவிட்டேன்."

மச்சான் அண்ணாந்து பார்த்தார். எல்இடியின் சூட்டையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, அதன் முதுகோடு இறுகத் திருகப்பட்டு, கைப்பிடியோடு தொங்கிக்கொண்டிருந்தது அந்தக் கனத்த அலுமினிய மூடி.