வட்டி வாங்குறவங்க கை தூக்குங்க

"மறுபடியும் புதுத் திரை! பாத்தீங்களா?"

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்த டிரைவிங் ஸ்கூல் டீச்சர், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தரைத்தளத்துக் கீழ்வீட்டு ஜன்னலில் ஆடிய நீலத் திரை அவள் வயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது.

காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்த கணவர் சிரித்தார். "வாங்கினா வாங்கிட்டுப் போறாங்க. உனக்கென்ன?"

"எனக்கென்னவா? நாள் பூரா பிரேக்கை மிதிச்சு மிதிச்சு சம்பாதிக்கிறேன். அதுல வரி பிடிக்கிறாங்க. அந்த வரியை எடுத்து அரசாங்கம் தான் வாங்கின கடனுக்கு வட்டி கட்டுது. வட்டி யாருக்குப் போகுது? கடன்பத்திரம் வச்சிருக்கிற அந்தம்மாவுக்கு! பிரேக் மிதிக்கிறது நான், திரை மாத்துறது அவங்க!"

"அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தாங்க, வட்டி வாங்குறாங்க. திருடலையே?"

"நீங்க அவங்க கட்சியா?"

கணவர் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

கீழ்வீட்டம்மாவுக்கு அந்தக் குடியிருப்பில் 'வட்டியம்மா' என்றுதான் பெயர். வைத்தவள் சாட்சாத் டீச்சர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய கணவர் போன பிறகு, கடையை விற்ற பணத்தை அப்படியே அரசாங்கக் கடன்பத்திரத்தில் போட்டவர் அவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. உட்கார்ந்த இடத்தில்!

டீச்சரின் எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியது லிஃப்ட். அது செத்துக் கிடந்தது. சரிசெய்யக் குடியிருப்புச் சங்கத்தில் பணமில்லை. கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். போன தடவை ஒருவர் கால் இடறி, நாற்காலியே சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கடைசிப் படி.

ஞாயிற்றுக்கிழமை, படிக்கட்டின் அடியில் சங்கக் கூட்டம். செயலாளரான ரிட்டயர்டு கேஷியர் தொண்டையைச் செருமினார். அவர் நாற்காலிக்குக் கீழே ஒரு பூங்கொத்து. வேறெங்கோ விசேஷத்துக்குப் போகிறார் போல.

"லிஃப்ட் விஷயமா ஒரு சேதி..."

"அதைத்தான் நானும் பேச வந்தேன் சார்!" டீச்சர் எழுந்துவிட்டாள். "எல்லாருக்கும் சமபங்குங்கிற கதையெல்லாம் இனி வேண்டாம். அரசாங்க வட்டி வாங்குறவங்க ரெண்டு பங்கு கட்டணும். எந்த மாடியா இருந்தாலும் சரி!"

எல்லார் கண்ணும் மூலையில் இருந்த வட்டியம்மா மேல் போய் நின்றது.

"நியாயம்தானே? உழைக்காம வர்ற காசு," என்றார் முதல் மாடி போட்டோகிராபர்.

"கீழ்வீட்டுக்காரங்க லிஃப்டுல ஏறுறதே இல்லையே..." என்று இழுத்தாள் இரண்டாவது மாடி நர்ஸ்.

கேஷியர் கையை உயர்த்தினார். "அம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"முதல்ல இதுக்கு ஓட்டு எடுங்க சார்!"

எடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. வட்டியம்மாவும் அதற்குக் கை தூக்கியதுதான் வேடிக்கை.

கேஷியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு சந்தேகம். பத்திரம் வச்சு நேரா வாங்குறவங்க மட்டுமா, சுத்தி வளைச்சு வாங்குறவங்களுமா?"

"எந்த வழியா வந்தா என்ன சார்? வட்டி வட்டிதான்!"

"அப்ப சரி. என் பென்ஷன் பணத்தையும் கடன்பத்திரத்துலதான் போட்டிருக்காங்க." கேஷியர் கையைத் தூக்கினார்.

நர்ஸ் யோசித்தாள். "ஐயையோ, என் பி.எஃப். பணமும் அங்கதானே போகுது?" அவள் கை பாதிவரை வந்து நின்றது.

போட்டோகிராபரை மனைவி விலாவில் இடித்தாள். "நீங்க கட்டுற இன்சூரன்ஸ் பணத்தை அவன் என்ன பீரோவுக்குள்ளயா வச்சிருக்கான்? பத்திரத்துலதான் போட்டிருப்பான். தூக்குங்க!"

ஒன்று, இரண்டு என்று கைகள் முளைத்துக்கொண்டே போயின. டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. "அடியே, நமக்கு ரெண்டு பாலிசி இருக்கு! நீ ரெண்டு கையையும் தூக்கு!" ஒற்றைக்காலில் நின்றபடி கணவர்.

சிரிப்பு வெடித்தது.

"அது வட்டி இல்ல!" டீச்சர் கத்தினாள். "அது போனஸ்!"

"எந்த வழியா வந்தா என்ன?" என்று கூட்டமே கோரஸ் பாடியது.

வேறு வழியில்லை, தூக்கினாள். தூக்கிய கையோடு அவள் பார்வை மூலைக்குப் பாய்ந்தது.

"எங்களையெல்லாம் தூக்க வச்சாச்சு. முக்கியமான ஆள் மட்டும் ஏன் மடியில கையை வச்சிட்டு உக்காந்திருக்காங்களாம்?"

வட்டியம்மா மெல்ல எழுந்தார். "எனக்கு இனிமே வட்டி வராதும்மா. பத்திரம் மொத்தத்தையும் போன வாரமே வித்துட்டேன். ஒண்ணாந்தேதியில இருந்து எங்க பழைய கடைக்கே வேலைக்குப் போறேன்."

"வித்துட்டீங்களா? அவ்வளவு பணத்துக்கும் திரை வாங்கவா?"

"அது ஒரே திரைதாம்மா. வெளுத்துப் போறப்பல்லாம் வேற சாயத்துல முக்கிடுவேன்." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் நாற்காலி சாய்ஞ்சுதே, அப்ப நான் அந்தத் திரைக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன்."

டீச்சருக்குப் புரியவில்லை. தூக்கிய கையை இறக்கவும் மறந்து நின்றாள்.

கேஷியர் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்த பூங்கொத்தை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார்.

"நீங்களே கொடுத்துடுங்கம்மா. லிஃப்டுக்கு ஆகுற முழுப் பணத்தையும் அவங்க கட்டிட்டாங்க. அதைச் சொல்லத்தான் நான் கூட்டமே கூட்டினேன்."