இரண்டு ஜோடி கையுறை

“எதுக்கு சிஸ்டர் இரண்டு ஜோடி கையுறை? இங்கே யாருக்கும் ஆபரேஷன் இல்லையே!”

ஸ்ரீராமின் கிண்டலை நர்ஸ் ஷமீமா கண்டுகொள்ளவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார். வயரைத் தண்ணீரில் நனைத்தார்.

“லைட்டைக் கொஞ்சம் குறைங்க தம்பி.”

“ஏன், கண்ணையும் கட்டிவிடட்டுமா?”

உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில் ஸ்ரீராம் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த கதீட்டர் குழாய் அது. நூல் கனத்தில் ஒரு வயர் முதலில் இதயம்வரை போகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனையைக் கதீட்டரின் வாயில் கோத்து, வயர் மேலேயே உள்ளே தள்ள வேண்டும். வாய் சின்னதாக இருந்தால் எந்த அடைப்பிலும் புகுந்துவிடும். அதில்தான் அவனுக்குப் பெருமை.

ஐந்து மணிக்கு, குழாயை வார்க்கும் அச்சு வெட்ட ஆர்டர் போகிறது. வெட்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு எதையும் மாற்ற முடியாது.

ஷமீமா கோத்தார். வழுக்கியது. மறுபடி கோத்தார். எட்டு முறை முயன்றும் நுழையவில்லை.

சோதனை ஃபாரத்தை இழுத்து ‘ஃபெயில்’ என்று எழுதினார்.

“என்ன சிஸ்டர் இது! போன வாரம் உங்க ஆஸ்பத்திரி டாக்டர் சிதம்பரமே வந்து நாலு நிமிஷத்துல முடிச்சு, ‘பாஸ்’ போட்டுட்டுப் போனார். முப்பது வருஷ அனுபவம்!”

“எனக்கு வரல தம்பி.”

“சரி, ‘சுமார்’னு போடுங்க. ‘பழகினா வரும்’னு ஒரு வரி சேர்த்துக்கலாம். கொஞ்சம் இறங்கி வாங்களேன்.”

“தேக்கா மார்க்கெட்ல கத்திரிக்காயா வாங்கறோம், இறங்கி வர? நெஞ்சுக்குள்ள வயரோட ஒரு ஆள் படுத்திருப்பார் லா!”

ஸ்ரீராமுக்குச் சுர்ரென்று ஏறியது.

“கை நடுங்குற வயசுல வார்டோட இருக்கணும். டெஸ்ட்டுக்கு ஏன் வர்றீங்க?”

ஷமீமாவின் முகம் சுருங்கியது. இரண்டு ஜோடி கையுறையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“நீங்க கோத்துக் காட்டுங்க. ஆபரேஷன் அறையில இப்படித்தான் இருக்கும்.”

மாட்டினான். ஈர வயர் விரலுக்குள் நிற்கவே இல்லை. ஏழாவது முறை வியர்த்துவிட்டது.

“அப்புறம் டாக்டருக்கு மட்டும் எப்படி...?”

“அவருக்கு யாரு தம்பி கோத்துக் கொடுத்தது?”

ஸ்ரீராம் கையுறையைக் கழற்றினான். அவன்தான். பெரிய டாக்டரைக் காக்க வைக்கலாமா என்று, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே, வெறுங்கையால், காய்ந்த வயரில் முன்கூட்டியே கோத்து, இரண்டு கையாலும் நீட்டியிருந்தான்!

மணி நாலு நாற்பது. போனை எடுத்தான்.

“அச்சை நிறுத்துங்க! வாயைப் புனல் மாதிரி கொஞ்சம் விரிக்கணும்... வெட்டலையே? நல்லவேளை!”

நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டான்.

“மன்னிச்சிடுங்க சிஸ்டர். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

“விடுங்க தம்பி. யாரு உடம்புக்குள்ளயும் போகல. அது போதும்.”

ஷமீமா பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிஷம் டாக்டர் சிதம்பரம் போன் செய்தார்.

“ஷமீமா என்ன போட்டாங்க?”

“ஃபெயில், டாக்டர். சரியாத்தான் போட்டிருக்காங்க. அச்சை நிறுத்திட்டேன்.”

“அப்பாடா!” என்றவர் குரலைத் தாழ்த்தினார்.

“அவங்களைத் திட்டியிருந்தா அது எனக்கு வர வேண்டிய திட்டு ஸ்ரீராம். நீங்க கொடுத்த சாம்பிளை மறுநாள் நானே கோத்துப் பார்த்தேன். அரை மணி நேரம். முடியல. பாஸ்னு கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப எனக்கே வரலன்னு சொல்லக் கூசிச்சு. ‘உங்க பேரு எதுக்குக் கெடணும் டாக்டர், எனக்கு வரலன்னு நானே போய்ச் சொல்றேன்’னு அவங்கதான் இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தாங்க.”