எதிர்க்கரை வேலி

"பட்டப்பகல்ல ஓடையைத் திருடுறான். கேக்க நாதியில்ல."

மொட்டை மாடியில் நின்றபடி செயலாளர் பொருமினார். தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஓடைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஓடை அவர் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் ஓடுகிறது. கூப்பிடு தூரத்தில் கடல்.

கொஞ்ச காலமாக ஒரு மழை பெய்தால் போதும். கரை சரிந்து, தெருக் குப்பையும் சேறுமாக ஓடை கடலுக்குப் போகும். முகத்துவாரத்தில் சிப்பி பொறுக்குகிறவர்கள் வெறுங்கூடையோடு திரும்புவார்கள்.

எதிர்க்கரையில் ஒரு பெயிண்டரின் வீடு. வேலை இல்லாத நாளெல்லாம் அவர் மண்வெட்டியும் கையுமாகக் கரையை வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கோரையும் நாணலும் நட்டார். இப்போது தண்ணீரை ஒட்டிக் கம்பி வேலி வேறு.

"இன்னிக்குப் புல்லு. நாளைக்கு வேலி. நாளன்னிக்கு வீடே கட்டிடுவான்."

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் புல்லு வந்ததுக்கப்புறம் தண்ணி தெளிஞ்ச மாதிரி இருக்குங்க."

"அது நான் வச்ச போர்டால தெளிஞ்சது."

'ஓடையைக் காப்போம்' என்று பாலத்தருகே அவர் ஒரு போர்டு வைத்திருந்தார். அதற்கு மாலை போடாத குறைதான்.

கீழே இறங்கிப் போய், ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"யாரைக் கேட்டுய்யா வேலி போட்டே?"

"ஆடு வந்து நாத்தை மேஞ்சிடுது சார். வண்டி கழுவ வேற இறங்கிடறாங்க. அதான்."

"அது ஓடை இடம். அளக்க ஆள் கூட்டிட்டு வர்றேன், இரு."

பெயிண்டரின் முகம் மாறியது. "அளக்கறதெல்லாம் எதுக்கு சார்? விட்டுடுங்களேன்."

செயலாளருக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னார்: "குற்றமுள்ள நெஞ்சு எப்படிக் குறுகுறுக்குது பாத்தியா?"

புகார் போனது. சர்வேயரம்மா நிலப்படமும் டேப்புமாக எதிர்க்கரையில் வந்து இறங்கினார்; செயலாளரும் கூடவே போனார். பெயிண்டர் மறுபேச்சுப் பேசாமல் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க எல்லைக்கல் எங்கய்யா?"

பெயிண்டர் தயங்கித் தயங்கிக் கையைக் காட்டினார். சர்வேயரம்மா வேலியைத் தாண்டி நாணலை விலக்கிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் கல் நின்றுகொண்டிருந்தது.

செயலாளர் துள்ளினார். "பாத்தீங்களாம்மா? கல்லைப் பிடுங்கி ஓடைக்குள்ளயே நட்டிருக்கான்."

சர்வேயரம்மா தெருமுனையிலிருந்து ஒருமுறை அளந்தார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறையும் அளந்தார்.

"கல்லு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு சார். அதுவரைக்கும் இவரோட சொந்த நிலம். இவர்தான் கரையை வெட்டி ஓடையை உள்ள விட்டிருக்கார்."

"சொந்த நிலத்தை எவனாவது தண்ணிக்கு விடுவானா?"

"எனக்கும் அதான் புரியல. இவ்வளவு விட்டும் ஓடை படத்துல இருக்கற அகலத்துக்கு மேல போகல. எங்கயோ இடிக்குது. அந்தக் கரையையும் அளந்துடலாம்."

"எந்தக் கரையை?"

"உங்க கரையைத்தான்."

"புகார் இவன் மேலதானேம்மா?"

"ஓடைக்கு ரெண்டு கரை இருக்கே சார்."

மூவரும் பாலத்தைக் கடந்து வந்தார்கள். வழியில் இருந்த போர்டை யாரும் படிக்கவில்லை. செயலாளர் மட்டும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

தெருவிலிருந்து கிளம்பிய டேப் தோட்டத்தைத் தாண்டி, கார் ஷெட்டுக்குள் நுழைந்து, காருக்கு அடியில் போய் நின்றது. சர்வேயரம்மா படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சிமெண்டைக் காலால் தட்டினார்.

"உங்க கல்லு இதுக்குக் கீழ இருக்கணும். பாதி ஷெட்டும் பின் மதிலும் ஓடைக்குள்ள நிக்குது சார்."

செயலாளர் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஷெட் கட்டும்போது கொத்தனார் கேட்டது நினைவுக்கு வந்தது. 'இது ஓடை இடமாச்சே?' என்றான் அவன். 'ஓடை என்ன, வந்து கேக்கவா போகுது?' என்று இவர்தான் சிரித்தார்.

கொல்லை வாசலில் நின்றிருந்த மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஷெட் வந்ததுக்கப்புறம்தான் கரை சரிய ஆரம்பிச்சிருக்கும்," என்றார் சர்வேயரம்மா. "ஓடையை நெருக்கினா தண்ணி வேகம் பிடிக்கும். மண்ணை அரிக்கும். அந்தச் சேறெல்லாம் கடலுக்குத்தான் போகும்."

பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"இவர் மதில் ஓடைக்குள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப நீங்கதானே புகார் குடுத்திருக்கணும்?"

பெயிண்டர் டேப்பைச் சுற்றிக்கொண்டே, செயலாளரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"குடுத்தா இடிக்கச் சொல்வீங்க. சார் கோர்ட்டுக்குப் போவாரு. தீர்ப்பு வர்ற வரைக்கும் மழை நிக்குமாம்மா? ஓடைக்கு அகலம் வேணும். சார் அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டதை, நான் இந்தப் பக்கம் விட்டுட்டேன்."