ரெண்டு நாள் தூரம்

அப்பா அளந்துவிடுவதை மகனால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தையல்காரர் துணியை அளப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

அவன் வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே பாட்டுத்தான். பையன் இருப்பது உலகத்தின் அந்தக் கோடியில், வந்து சேரவே ரெண்டு நாள், நடுவில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். மருந்துக்கடைக்காரர் ரெண்டு நாள் பறந்த களைப்பு தீர்ந்ததா என்று விசாரித்தார். சலூன்காரர், அத்தனை நேரம் காலை மடக்கிக்கொண்டு எப்படித்தான் உட்கார்ந்திருந்தாயோ என்று பரிதாபப்பட்டார்.

அவனுக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. கைபேசியைத் தட்டினால் தெரிகிற விஷயம், அதுகூடத் தெரியாத அப்பா.

இன்று டீச்சரம்மா வந்தார். தன் பையனுடைய கால்சட்டையை நீளமாக்கக் கொடுத்திருந்தார். மெஷினை மிதித்தபடியே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

அவன் கைபேசியை டீச்சரம்மாவிடம் நீட்டினான்.

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். நாலாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. நேரா ஒரே விமானம், அஞ்சு மணி நேரம். காலையில ஏறினா மத்தியானச் சாப்பாடு இங்கே."

மெஷின் நின்றது.

டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்போ போன வருஷம் உங்கம்மா படுத்திருந்தப்பவும் அஞ்சு மணி நேரம்தானா தம்பி?"

அவன் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போனிலேயே தட்டிக்கழித்தவன் அவன். கடைசியில் முகம் பார்க்கவும் வரவில்லை.

"அப்ப நேர் விமானம் கிடையாது டீச்சர்," என்றார் அப்பா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "இப்பத்தான் புதுசா விட்டிருக்காங்க. எனக்குத்தான் பழைய கணக்கே வாயில வருது."

டீச்சரம்மா சமாதானமாகிக் கால்சட்டையை வாங்கிக்கொண்டு போனார். அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் முதல்ல போனதே அந்த விமானத்துலதானேப்பா. உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியாம என்ன? உன்னை ஏத்திவிட்டுட்டு, நீ இறங்கி போன் பண்ற வரைக்கும் அங்கேயேதானே உட்கார்ந்திருந்தேன்."

"அப்புறம் ஏன்ப்பா ஊரெல்லாம் ரெண்டு நாள்னு சொன்னீங்க?"

அப்பா மேசையில் கிடந்த வெட்டுத்துணிகளை ஒதுக்கினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊருக்குன்னு ஆரம்பிக்கலைப்பா. உங்கம்மா வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. பிள்ளை கிளம்பிட்டான், ரெண்டு நாள் ஆகும்னு அவகிட்டதான் முதல்ல சொன்னேன். நீ பாதி வழி வந்துட்டேன்னு நம்பித்தான் கண்ணை மூடினா."