இன்னும் ஒரே ஒரு வாய்

கூட்டு வாசலில் காவல் இருந்தவள் மூத்த தேனீ. கள் வாடையோடு வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது என்பது அங்கே வழக்கம். மூன்று நாள் தன் தங்கையையே அவள் கடித்து விரட்டினாள். நான்காம் நாள் தங்கை வரவில்லை.

மனசு கேட்காமல் அக்காள் பனைமரத்துக்குப் பறந்து போய், கள்ளுக் கலயத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“வாடி வீட்டுக்கு. இனிமே விரட்ட மாட்டேன்.”

“இதோ வந்துட்டேன்க்கா. இன்னும் ஒரே ஒரு வாய்.”

குரல் தங்கையுடையதுதான். ஆனால் அவள் எப்போதோ செத்து, சிறகு ஊறி, நுரையில் மல்லாந்து மிதந்தாள். சுற்றி மிதந்த உடல்களும் யார் யாருக்கோ அதையே சொல்லிக்கொண்டிருந்தன.

“சரி, குடிச்சிட்டு வா,” என்றாள் அக்காள்.

விளிம்பில் ஏற்கெனவே காத்திருந்த கிழத் தேனீ ஒருத்தி, கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.